வெப் பக்க ஃபைல் திறக்க மறுக்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யலாம்

செட்டிநாட்டு ஊர்களில் ஒரு வீட்டைத் தேடிப் போகும்போது கதவு எண்ணைவிட விலாசம்தான் கைகொடுக்கும். பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த இரண்டு மூன்று எழுத்துகளைச் சொன்னால் போதும், முகப்பில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் கையை நீட்டி வழி காட்டிவிடுவார். கணினியில் இருக்கும் ஃபைலுக்கும் அப்படி ஒரு விலாசம் உண்டு. அது பெயருக்குப் பின்னால் இருக்கும். கடைசிப் புள்ளிக்கு அப்புறம் வரும் எச்டிஎம்எல், பிடிஎஃப், ஜேபிஜி போன்ற எழுத்துகள்தான் அது. எக்ஸ்டென்ஷன் என்பார்கள்; இங்கே பின்னொட்டு என்றே சொல்கிறேன்.

நீங்கள் டபுள் கிளிக் செய்ததும் விண்டோஸ் ஃபைலின் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. பின்னொட்டை மட்டும் பார்க்கிறது. இந்தப் பின்னொட்டுக்கு எந்தச் செயலி என்று தன்னிடம் உள்ள பதிவேட்டில் தேடி, அந்தச் செயலியிடம் ஃபைலைக் கொடுத்துவிடுகிறது. ஆக, கோளாறு மூன்று இடங்களில் இருக்கலாம்: பதிவேட்டில், ஃபைலின் பெயரில், ஃபைலின் உள்ளே. காரைக்குடியில் நான் நடத்தும் சிறிய சர்வீஸ் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் "டிஃபால்ட் ஆப்பை மாத்திப் பாத்துட்டேன், சரியாகலை" என்று சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். கோளாறு பெயரிலோ உள்ளேயோ இருக்கும்போது பதிவேட்டை எத்தனை முறை மாற்றினாலும் ஃபைல் திறக்காது. அதனால் முதலில் எந்த இடம் என்று பிடிக்க வேண்டும். கீழே அறிகுறி அறிகுறியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது வருகிறதோ அங்கே போய்விடுங்கள். ஆனால் அடுத்த பத்தியை மட்டும் எல்லாரும் செய்துவிட்டுப் போங்கள்.

முதல் வேலை: பின்னொட்டு கண்ணுக்குத் தெரிய வேண்டும்

விண்டோஸ் தனக்குத் தெரிந்த பின்னொட்டுகளை மறைத்தே வைத்திருக்கும். விண்டோஸ் 11 என்றால் ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்து, மேலே வியூ, அதில் ஷோ, அதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10 என்றால் வியூ தாவலிலேயே அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் இருக்கும், டிக் போடுங்கள். இனி ஒவ்வொரு ஃபைலின் முழுப்பெயரும் தெரியும். இதை ஒருமுறை செய்துவிட்டு அப்படியே வைத்திருங்கள். ஏன் என்பது கீழே இரண்டு இடங்களில் தெரியும்.

அறிகுறி: "இதைத் திறக்கச் செயலி இல்லை" என்கிறது, அல்லது ஒவ்வொரு முறையும் எதில் திறக்க என்று கேட்கிறது

இது நேரடியான பதிவேட்டுக் கோளாறு. ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து, ஓப்பன் வித், சூஸ் அனதர் ஆப் என்று போங்கள். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எது வேண்டுமோ அதைத் தொட்டு, விண்டோஸ் 11இல் ஆல்வேஸ் என்ற பொத்தானை அழுத்துங்கள். விண்டோஸ் 10இல் கீழே "எப்போதும் இதையே பயன்படுத்து" என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்ட பிறகுதான் ஓகே கொடுக்க வேண்டும். அந்த டிக்கை விட்டுவிடுவதால்தான் பலருக்கு மறுநாளும் அதே கேள்வி வருகிறது.

செட்டிங்ஸ் வழியாகவும் போகலாம். ஆப்ஸ், டிஃபால்ட் ஆப்ஸ் என்று போனால் விண்டோஸ் 11இல் மேலே ஒரு தேடல் கட்டம் இருக்கும். புள்ளி வைத்து எச்டிஎம்எல் என்று ஆங்கிலத்தில் அடித்தால் இப்போது அது யாரிடம் இருக்கிறது என்று காட்டும். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்த புதிதில் ஒவ்வொரு பின்னொட்டையும் தனித்தனியாக மாற்ற வேண்டியிருந்தது. 2022இல் வந்த அப்டேட்டுக்குப் பிறகு பிரவுசரின் பெயரைத் தொட்டு, மேலே உள்ள செட் டிஃபால்ட் பொத்தானை அழுத்தினால் எச்டிஎம்எல், எச்டிஎம், இணைய முகவரிகள் எல்லாம் ஒரே அடியாக மாறிவிடும். ஆனால் எம்எச்டிஎம்எல், எஸ்விஜி, வெப்பி, பிடிஎஃப் போன்றவை அந்தப் பொத்தானுக்குள் அடங்கவில்லை. அவற்றை அதே பக்கத்தில் கீழே ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். "செட் டிஃபால்ட் கொடுத்தும் பாதிதான் மாறியது" என்பவர்களுக்குக் காரணம் இதுதான்.

அறிகுறி: நேற்று குரோம் வைத்தேன், இன்று தானாக எட்ஜ் ஆகிவிட்டது

திரையின் ஓரத்தில், ஒரு செயலி பிரச்சினை செய்ததால் டிஃபால்ட்டை மீட்டமைத்தோம் என்ற பொருளில் ஒரு அறிவிப்பு வந்திருக்கும். விண்டோஸ் 8இலிருந்து உங்கள் தேர்வோடு ஒரு முத்திரையும் சேர்த்துப் பதிவாகிறது. நீங்கள் கைப்பட மாற்றினால் முத்திரை சரியாக விழும். ஏதாவது ஒரு மென்பொருள் பின்வாசல் வழியாகப் பதிவேட்டில் எழுதினால் முத்திரை பொருந்தாது; விண்டோஸ் அந்தப் பதிவை நம்பாமல் தன் சொந்த ஏற்பாட்டுக்குத் திரும்பிவிடும். கணினியைச் சுத்தம் செய்கிறேன், வேகமாக்குகிறேன் என்று வரும் இலவச மென்பொருள்களில் இந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். சமீபத்தில் எதை நிறுவினீர்கள் என்று யோசித்து, அதை நீக்கிவிட்டு, பிரவுசரைப் புதுப்பித்துவிட்டு, மேலே சொன்னபடி மறுபடி தேர்ந்தெடுங்கள்.

கமாண்ட் பிராம்ப்ட்டில் அசாக் என்ற கட்டளையைக் கொடுத்துச் சரிசெய்யலாம் என்று சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. அந்தக் கட்டளை கணினி முழுமைக்குமான பதிவை மாற்றும். ஆனால் பயனர் தன் கையால் ஒரு செயலியைத் தேர்ந்தெடுத்திருந்தால் விண்டோஸ் அதற்குத்தான் முன்னுரிமை கொடுக்கும். அதனால் கட்டளை வெற்றி என்று காட்டியும் ஒன்றும் மாறியிருக்காது. யாரோ கொடுக்கும் ரெஜிஸ்ட்ரி ஃபைலை இறக்கி டபுள் கிளிக் செய்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். எச்டிஎம்எல் சரியாகலாம், கூடவே வேறு என்ன மாறியது என்று உங்களுக்குத் தெரியாது.

ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். கணினியில் இன்னொரு பயனர் கணக்கு இருந்தால் அதில் நுழைந்து அதே ஃபைலைத் திறந்து பாருங்கள். இந்தத் தேர்வு பயனருக்குப் பயனர் தனி. அங்கே ஒழுங்காகத் திறந்தால் உங்கள் கணக்கின் பதிவில்தான் பிழை. அங்கேயும் திறக்காவிட்டால் பிரவுசரையோ ஃபைலையோ பார்க்க வேண்டும்.

அறிகுறி: "கிளாஸ் நாட் ரிஜிஸ்டர்டு" என்ற பெட்டி

பதிவேட்டில் பெயர் இருக்கிறது, அந்தப் பெயருக்கு உரியவர் வீட்டைக் காலி செய்துவிட்டார். பழைய பிரவுசரை நீக்கியபோது அல்லது பாதியில் நின்ற அப்டேட்டின்போது இப்படி ஆகும். வேறொரு பிரவுசரை டிஃபால்ட்டாக வைத்தாலே போய்விடும். அதே பிரவுசர்தான் வேண்டும் என்றால் அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கி மறுபடி நிறுவுங்கள். மெயிலிலோ பிடிஎஃப்பிலோ உள்ள லிங்க்கைத் தொட்டால் எதுவுமே நடக்கவில்லை என்பதும் இதே குடும்பத்து நோய்தான். அங்கே எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இரண்டும் யாரிடம் இருக்கின்றன என்று டிஃபால்ட் ஆப்ஸில் பாருங்கள்.

அறிகுறி: பக்கம் வரவில்லை, குறியீடுதான் வருகிறது

இதில் முழுப்பெயரைப் படியுங்கள். எச்டிஎம்எல் என்றே முடிந்து, திறந்தால் நோட்பேடோ விஎஸ் கோடு போன்ற நிரல் எழுதும் செயலியோ வந்தால் கோளாறு பதிவேட்டில். முதல் அறிகுறிக்குப் போங்கள். எச்டிஎம்எல்லுக்குப் பின்னால் இன்னொரு வால் இருந்தால் கோளாறு பெயரில்.

கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், அப்பாவின் ஆத்தங்குடிக் கல் பட்டறைக்காகத் தானே ஒரு வெப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணக் கலவையை ஊற்றும் படங்கள், கீழே விலைப்பட்டியல், எல்லாம் அழகாகத் திட்டமிட்டிருந்தாள். "மூணு நாளா இண்டெக்ஸ் பேஜ் ஓப்பன் ஆகலைண்ணே, பிரவுசரையே ரெண்டு தடவை அழிச்சுப் போட்டுட்டேன்" என்றாள். பின்னொட்டைக் காட்ட வைத்ததும் தெரிந்துவிட்டது: இண்டெக்ஸ், புள்ளி, எச்டிஎம்எல், அதற்கப்புறம் இன்னொரு புள்ளி, டிஎக்ஸ்டி. நோட்பேடில் சேமிக்கும்போது கீழே சேவ் ஆஸ் டைப் என்ற இடத்தில் டெக்ஸ்ட் டாக்குமெண்ட்ஸ் என்றே விட்டுவிட்டால் நோட்பேட் தன் பின்னொட்டை வாலில் ஒட்டிவிடும். அங்கே ஆல் ஃபைல்ஸ் என்று மாற்றிச் சேமிக்க வேண்டும். ஏற்கெனவே சேமித்துவிட்டால் பெயரைத் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்தி, கடைசி டிஎக்ஸ்டியையும் அதன் புள்ளியையும் அழித்தால் போதும். மாற்றினால் ஃபைல் பயன்படாமல் போகலாம் என்று விண்டோஸ் எச்சரிக்கும். இந்த இடத்தில் யெஸ் கொடுக்கலாம்.

பக்கம் திறந்தது. படங்கள் வந்தன. ஆனால் தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறி, வரிசை வரிசையாக. வீட்டில் பழைய விண்டோஸ் 7 கணினியில் அடித்திருக்கிறாள். அந்தக் கால நோட்பேட் ஆன்சி என்ற எழுத்துக் குறியீட்டில் சேமிக்கும். அதில் தமிழுக்கு இடமே கிடையாது. எழுத்துகள் தொலைந்துவிடும் என்று ஒரு எச்சரிக்கைப் பெட்டி வரும். அதைப் படிக்காமல் ஓகே கொடுத்தால் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் உண்மையாகவே கேள்விக்குறியாக மாறிப் பதிந்துவிடும். அதை எந்த மென்பொருளாலும் திருப்பி எடுக்க முடியாது. அவளுக்கு நான் செய்ய முடிந்தது, என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 என்று மாற்றிக்கொடுத்து, பட்டியலைத் திரும்ப அடிக்க என் மேசையில் இடம் கொடுத்ததுதான். 2019 முதல் விண்டோஸ் 10 நோட்பேட் தானாகவே யூடிஎஃப்-8இல் சேமிக்கிறது. பழைய கணினி வைத்திருப்பவர்கள் மட்டும் அந்த இடத்தை ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

அறிகுறி: இறக்கிய ஃபைலின் வாலில் ஏஎஸ்பிஎக்ஸ், பிஎச்பி, ஜேஎஸ்பி என்று இருக்கிறது

தேர்வு நுழைவுச்சீட்டு, ரசீது, சான்றிதழ் இறக்குகிறவர்களுக்கு அடிக்கடி வருவது இதுதான். நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பரீட்சை, இரவு எட்டு மணிக்கு ஃபைல் திறக்கவில்லை என்று முகம் வெளிறி வந்து நிற்பார்கள். பயப்பட வேண்டாம். தளம் உங்களுக்குச் சரியான பிடிஎஃப்பைத்தான் கொடுத்திருக்கிறது. பெயரைச் சரியாகச் சொல்லவில்லை. பிரவுசர் முகவரியில் இருந்த பக்கத்தின் பெயரையே ஃபைலுக்கும் வைத்துவிட்டது.

பெயரை மாற்றுவதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஃபைலை ரைட் கிளிக் செய்து நோட்பேடில் திறங்கள். பெரும்பாலும் புரியாத எழுத்துகளாகத்தான் இருக்கும். முதல் வரியின் தொடக்கத்தை மட்டும் பாருங்கள். சதவீதக் குறியும் அதையடுத்து பி, டி, எஃப் என்ற ஆங்கில எழுத்துகளும் இருந்தால் அது பிடிஎஃப். பி, கே என்று தொடங்கினால் ஜிப். டிஓசிஎக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகை வேர்டு, எக்செல் ஃபைல்களும் உள்ளுக்குள் ஜிப்தான் என்பதால் அவையும் இப்படியே தொடங்கும். பிஎன்ஜி என்றோ, சற்றுத் தள்ளி ஜேஎஃப்ஐஎஃப் என்றோ தெரிந்தால் படம். பார்த்துவிட்டு மூடிவிடுங்கள், சேவ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் ஃபைல் கெட்டுப்போகும். அப்புறம் எஃப்2 அழுத்தி உரிய பின்னொட்டை வையுங்கள்.

இதற்கு நேர் எதிரானதும் வரும். பெயர் பிடிஎஃப் என்று இருக்கும், ரீடரில் போட்டால் சேதமடைந்த ஃபைல் என்று சொல்லும். நோட்பேடில் பார்த்தால் கோண அடைப்புக்குள் டாக்டைப் என்றோ எச்டிஎம்எல் என்றோ தொடங்கும். அதாவது தளம் பிடிஎஃப்புக்குப் பதிலாக ஒரு பக்கத்தைக் கொடுத்திருக்கிறது. அதைப் பிரவுசரில் திறந்து படித்தால் பெரும்பாலும் "உங்கள் நேரம் முடிந்துவிட்டது, மீண்டும் உள்நுழைக" என்ற செய்தி இருக்கும். அப்படியென்றால் மறுபடி உள்நுழைந்து இறக்குவது ஒன்றே வழி. கரண்ட் போய் வைஃபை நின்றதால் பாதியில் நின்ற ஃபைலுக்குக் குரோம் சிஆர்டவுன்லோடு என்றும் ஃபயர்ஃபாக்ஸ் பார்ட் என்றும் வால் வைத்திருக்கும். அவற்றின் பெயரை மாற்றிப் பயனில்லை, மீதி உள்ளே இல்லை.

நீங்களே பிஎச்பி எழுதுகிறவர் என்றால் விஷயம் வேறு. அந்த ஃபைலை ஒரு சர்வர் ஓட்டித் தர வேண்டும். டபுள் கிளிக்கில் ஓடாது. ஸாம்ப் போன்ற ஒன்றை நிறுவி, அதன் எச்டிடாக்ஸ் ஃபோல்டரில் வைத்து, லோக்கல்ஹோஸ்ட் முகவரியில் திறங்கள்.

அறிகுறி: பக்கம் வருகிறது, படங்களும் வடிவமும் வரவில்லை

பிரவுசரில் வெப்பேஜ் கம்ப்ளீட் என்று சேமித்தால் ஒரு எச்டிஎம்எல் ஃபைலும், அதே பெயரோடு ஃபைல்ஸ் என்று முடியும் ஒரு ஃபோல்டரும் உருவாகும். படமெல்லாம் அந்த ஃபோல்டரில்தான் இருக்கும். பென்டிரைவில் எச்டிஎம்எல்லை மட்டும் எடுத்துப்போனால் எழுத்து மட்டும்தான் வரும். இரண்டும் எப்போதும் ஒரே இடத்தில், பெயர் மாறாமல் இருக்க வேண்டும். ஃபோல்டர் அடைசலாக இருக்கிறதே என்று அதை அழித்தால் விண்டோஸ் இரண்டையும் ஜோடியாகப் பார்த்துப் பக்கத்தையும் சேர்த்து அழித்துவிடும், கவனம்.

ஜிப்புக்குள் இருக்கும்போதே டபுள் கிளிக் செய்தாலும் இப்படித்தான் ஆகும். விண்டோஸ் அந்த ஒரு ஃபைலை மட்டும் தற்காலிக இடத்துக்கு எடுத்துத் திறக்கும். எக்ஸ்ட்ராக்ட் ஆல் கொடுத்துவிட்டுத் திறங்கள்.

அறிகுறி: எல்லாம் வருகிறது, தமிழ் மட்டும் குப்பையாகிவிட்டது

இது ஃபைலின் உள்ளே உள்ள கோளாறு. எந்த வகைக் குப்பை என்று பார்த்தால் மருந்து தெரிந்துவிடும்.

தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஆங்கில ஏ, அதையடுத்து வட்டத்துக்குள் ஆர், இந்த ஜோடி திரும்பத் திரும்ப வருகிறதா? நல்ல செய்தி. உங்கள் தமிழ் பத்திரமாக இருக்கிறது. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படும். பக்கம் தன்னை ஆங்கிலக் குறியீட்டில் இருப்பதாக அறிவித்துக்கொண்டால், பிரவுசர் அந்த மூன்றையும் மூன்று தனி எழுத்தாகக் காட்டும். தமிழ்க் குறிகளின் முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே என்பதால்தான் அந்தச் சாய்கோட்டு ஏ அத்தனை முறை வருகிறது. ஃபைலை ஒரு நகல் எடுத்துக்கொண்டு, நகலை நோட்பேடில் திறந்து, அங்கே தமிழ் சரியாகத் தெரிந்தால் சேவ் ஆஸ் போய் என்கோடிங்கில் யூடிஎஃப்-8 வித் பிஓஎம் என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். அந்த பிஓஎம் என்ற தொடக்கக் குறி, பக்கத்துக்குள் வேறு என்ன எழுதியிருந்தாலும் அதை மீறிப் பிரவுசருக்குச் சரியான குறியீட்டைச் சொல்லிவிடும். நீங்களே எழுதிய பக்கம் என்றால் தலைப்பகுதியின் முதல் வரியிலேயே மெட்டா சார்செட் யூடிஎஃப்-8 என்ற வரியைச் சேர்ப்பது முறையான தீர்வு.

குப்பை முழுக்கச் சாதாரண ஆங்கில எழுத்துகளாக இருந்தால் அது பழைய எழுத்துருப் பக்கம். தமிழ் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற வரிசை நின்றால் அது பாமினி. அந்த எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம். நிரந்தரமாக வேண்டும் என்றால் பாமினியிலிருந்து இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவியில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி 1939இலிருந்து கம்பனுக்கு விழா எடுக்கும் ஊர். கம்பராமாயணப் பக்கங்களைக் காண்டம் காண்டமாகச் சேமித்து வைத்திருக்கும் பெரியவர்கள் இங்கே உண்டு. அப்படி ஒருவர் சிடியில் கொண்டுவந்தவை டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டுப் பக்கங்கள். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியது; தொடக்க ஆண்டுகளில் அந்தக் குறியீட்டில் நூல்களை வெளியிட்டது, பின்னர் யூனிகோடுக்கு மாறிவிட்டது. இந்த மாதிரிப் பக்கங்களைச் சரிசெய்ய மெனக்கெட வேண்டாம். அதே நூல் யூனிகோடில் அதே தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. புதிதாக இறக்கிக்கொள்வது மேல். வேறெங்கும் கிடைக்காத சொந்த எழுத்தாக இருந்தால்தான் மாற்றியின் உதவி தேவை.

திறக்கவில்லை என்பதே நல்லது என்று சொல்ல வேண்டிய இடம்

வங்கிப் பெயரில் ஒரு மெயில், கூடவே எச்டிஎம்எல் இணைப்பு. கணக்கு அறிக்கை என்றோ கேஒய்சி என்றோ பெயர். அதைத் திறந்தால் வங்கியின் பக்கம் போலவே ஒன்று வந்து பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். முகவரிப் பட்டையைப் பாருங்கள்: வங்கியின் முகவரி இருக்காது, ஃபைல் என்று தொடங்கி உங்கள் சொந்த கணினியின் டிரைவ் எழுத்து இருக்கும். அந்தப் பக்கத்தில் எதையும் அடிக்காதீர்கள். அடித்துவிட்டால் உடனே வங்கியின் உண்மையான தளத்தில் போய்க் கடவுச்சொல்லை மாற்றி, வங்கிக்கும் தகவல் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

ஜேஎஸ், எச்டிஏ என்று முடியும் இணைப்புகள் இன்னும் மோசம். ஜேஎஸ் ஃபைலை டபுள் கிளிக் செய்தால் விண்டோஸ் வழக்கமாக அதைக் காட்டாது, ஓட்டிவிடும். "அட்டாச்மெண்ட் திறக்கலை, தொறந்து குடுங்க" என்று இவற்றோடு யார் வந்தாலும் நான் மாட்டேன் என்றுதான் சொல்கிறேன். என் கடைக்கு வரும் ஒவ்வொரு கணினியிலும் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, ஜேஎஸ் பின்னொட்டை நோட்பேடுக்கு மாற்றி வைக்கிறேன். அப்புறம் தவறிக் கை பட்டாலும் வெறும் எழுத்துதான் திறக்கும். பிடிஎஃப் என்று தெரியும் பெயருக்குப் பின்னால் ஜேஎஸ் மறைந்திருக்கலாம். பின்னொட்டைக் காட்ட வையுங்கள் என்று முதலிலேயே சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

அறிகுறி: பழைய எம்எச்டி ஃபைல் வெள்ளைத்தாளாக நிற்கிறது

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஒரு பக்கத்தைப் படங்களோடு சேர்த்து ஒரே ஃபைலாகச் சேமித்துத் தந்தது. அதன் பின்னொட்டு எம்எச்டி. மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15இல் அந்தப் பிரவுசருக்கான ஆதரவை நிறுத்தி, 2023 பிப்ரவரியில் விண்டோஸ் 10 கணினிகளில் அதைச் செயலிழக்க வைத்தது. அதோடு அந்தப் பின்னொட்டுகள் பல வீடுகளில் அநாதையாகிவிட்டன.

பள்ளத்தூரிலிருந்து ஒரு ஆச்சி லேப்டாப்பைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். "அவுக சேத்து வச்சது தம்பி. தொறந்தா வெள்ளைத்தாளாத்தான் வருது. போயிருச்சா?" என்று கேட்டார்கள். டெஸ்க்டாப்பில் முப்பதுக்கு மேல் ஐகான்கள், எல்லாமே மூலை மடிந்த வெற்றுத்தாள். கணவர் உயிரோடு இருந்தபோது குடும்பத்துக்காக யாரோ நடத்திய ஒரு தளத்தின் பக்கங்கள் அவை. எந்தக் கோயில், என்ன பிரிவு, எத்தனை புள்ளி (நகரத்தார் கணக்கில் ஒரு குடும்பம் ஒரு புள்ளி), யார் யார் பினாங்கில், யார் ஊரில் என்று வரிசைப்படுத்தி, பக்கத்துக்கு இரண்டு படம். அந்தத் தளம் இப்போது இல்லை. ஆக, உலகத்தில் இருக்கும் ஒரே பிரதி அந்த வெள்ளைத்தாள்கள்தான்.

இப்படிப்பட்ட ஃபைலில் எதையும் செய்வதற்கு முன் நகல் எடுங்கள். நான் முதலில் அதைத்தான் செய்தேன், ஃபோல்டர் முழுவதையும் ஒரு பென்டிரைவுக்கு. பிறகு குரோமைத் திறந்து கன்ட்ரோலும் ஓவும் அழுத்தி ஒரு ஃபைலைத் தேர்ந்தெடுத்தேன். வந்துவிட்டது. குரோமுக்கும் எட்ஜுக்கும் இந்த வடிவம் தெரியும். பதிவேட்டில் மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை. எம்எச்டி, எம்எச்டிஎம்எல் இரண்டையும் தனித்தனியாகப் பிரவுசரிடம் ஒப்படைத்ததும் எல்லா ஐகான்களும் ஒரே நேரத்தில் நிறம் மாறின. ஆச்சி திரைக்குப் பக்கத்தில் வந்து, வளவில் எடுத்த ஒரு கல்யாணப் படத்தில் தூணோரம் நிற்கிறவரை விரலால் தொட்டுக் காட்டினார்கள்.

நான்கு பக்கங்களில் மட்டும் கட்டங்கள் கலைந்து எழுத்து மேல் எழுத்து ஏறியிருந்தது. பழைய பிரவுசருக்கென்றே எழுதப்பட்ட பக்கங்களில் இப்படி வரும். அதற்கு எட்ஜின் செட்டிங்ஸில் டிஃபால்ட் பிரவுசர் என்ற பகுதிக்குப் போய், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மோடில் மீண்டும் ஏற்ற அனுமதியுங்கள். அப்புறம் அந்தப் பக்கத்தைத் திறந்து, மெனுவில் அந்த மோடைத் தேர்ந்தெடுங்கள். குறைந்தது 2029 வரை அதை வைத்திருப்பதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. நான்கும் பழைய வடிவில் வந்தன.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் கன்ட்ரோல் பி அழுத்தி, பிரிண்டராகப் பிடிஎஃப்பைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தோம். மோர் செட்டிங்ஸில் பேக்ரவுண்ட் கிராஃபிக்ஸ் என்பதில் டிக் போட மறக்கக் கூடாது. போடாவிட்டால் வண்ணக் கட்டங்கள் வெள்ளையாகிவிடும். மூல எம்எச்டி ஃபைல்களை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்தேன். ஒரு பிரதி லேப்டாப்பில், ஒன்று பென்டிரைவில், ஒன்று சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு மெயிலில். புள்ளிக் கணக்கு இருந்த பக்கத்தை மட்டும் பெரிய எழுத்தில் தாளில் கேட்டார்கள். அளவை நூற்று ஐம்பது சதவீதமாக ஏற்றி அச்செடுத்தபோது ஏழு தாள் வந்தது.